வீடற்றவனின் வீடு: எழுத்தாளர் இல்லங்களைப் பேணுதல் பற்றிய ஓர் அறநெறி நோக்கு

எழுத்தாளன் ஒருவன் மறைந்தபின் அவன் வாழ்ந்த வீட்டை நூதனசாலையாக்கிப் பேணுதல் உலகின் பல நாடுகளிலும் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். ஷேக்ஸ்பியர் பிறந்ததாகக் கருதப்படும் ஸ்ட்ராட்போர்ட் வீடு 1847ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தபோது, பொதுமக்களிடம் பணந்திரட்டி அதனை வாங்கினர் ஆங்கிலேயர். அதன்பின்னர் இவ்வழக்கம் நாடுதோறும் பரவிற்று. இதனை நாகரிகத்தின் அடையாளமெனப் போற்றுவோர் பலர். ஆனால், இது யாருக்குச் செலுத்தும் கடன், எந்நிலையில் இது கடமையாகும், எந்நிலையில் இதுவே ஒரு பொய்யாகிவிடும் என வினவுவோர் சிலரே. அவ்வினா மலையகத்தில் எழும்போது ஏனைய இடங்களில் இல்லாத ஒரு கூர்மையைப் பெறுகின்றது. அதற்குரிய காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி நகரிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச் செல்லும் பாதையில் அமைந்தது மடுல்கெல்ல. கோப்பிக் காலத்திலேயே காடழித்துத் தோட்டமாக்கப்பட்டு, பின்னர் தேயிலைக்கு மாறிய பிரதேசம் இது. இதன் இருமருங்கிலும் உலகம் பேணத் தீர்மானித்த இரு மரபுரிமைகள் உள்ளன. கீழே கண்டி நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மேலே நக்கிள்ஸ் காப்புக்காடு, மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் அதே பட்டியலில் இடம்பெற்றது. அரசர்தம் நகருக்கும் அரிய உயிரினங்கள் வாழும் காட்டுக்கும் நடுவே தேயிலை மலைகளும், அவற்றின் மடியில் லயங்களும் கிடக்கின்றன. ஒரு சமூகம் எதனைப் பேணத்தக்கதெனக் கருதுகின்றது, எதனைக் கருதவில்லை என்பதை இந்நிலவமைப்பே ஒருவாறு உணர்த்திவிடுகின்றது.

மடுல்கெல்லவின் லயமொன்றிலே பிறந்த ஒருவன் நாளை ஒரு பேரெழுத்தாளனாகப் போற்றப்படுவதாகக் கொள்வோம். அவன் இல்லத்தைப் பேண விரும்புவோர் எவ்வீட்டின் வாயிலிற் சென்று நிற்பர்? அவன் பிறந்த காம்பரா அவனுடையதன்று, அவன் தந்தையுடையதுமன்று. அது தோட்டத்துக்குரியது. மலையில் வேலை உள்ளவரையிலேயே அதில் குடியிருப்பும் உண்டு என்பதே தலைமுறைகளாக நிலவிய நியதி. அவன் வெளியேறியதும் அதே காம்பராவில் மற்றொரு குடும்பம் குடிபுகுந்திருக்கும். இன்றும் அங்கு அடுப்பெரியும். கொடியிலே துணி உலரும். வீட்டைப் பேணுதல் என்னும் கருத்தே வீட்டுரிமை என்னும் ஒன்றை முன்னரே அனுமானித்துக்கொள்கின்றது. அவ்வனுமானம் பொய்த்துவிடும் இடத்தில் பேணுதலின் பொருள் யாது?

இதற்கு விடைகாணுமுன், வீட்டைப் பேணுதலுக்குரிய நியாயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நூல் இருக்க வீடு எதற்கு என்பது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. எழுத்தாளனின் மெய்யான இருப்பிடம் அவனது எழுத்தே எனலாம். உ. வே. சாமிநாதையர் (1855–1942) பல்லாண்டுகள் வாழ்ந்த திருவல்லிக்கேணி வீடு, தியாகராசச் செட்டியாரின் பெயரால் 'தியாகராஜ விலாசம்' என அவர் வழங்கிய வீடு, 2012இல் இடிக்கப்பட்டது. தமிழறிஞர் பலர் வருந்தினர். எனினும், அவர் தேடிச் சேர்த்த ஏடுகள் 1943இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட நூல்நிலையத்திலே காக்கப்படுகின்றன. அவர் பதிப்பித்த சங்க நூல்களும் காப்பியங்களும் தமிழுள்ள இடமெங்கும் உள்ளன. வீடு போயிற்று, ஏடு நின்றது. இவ்விரண்டனுள் ஒன்றே எஞ்சும் எனின் எது எஞ்சவேண்டும் என்பதில் ஐயரே ஐயுற்றிருக்கமாட்டார். ஆகவே வீட்டைப் பேணுதல் எழுத்தைப் பேணுதலுக்கு ஈடாகாது. அது இரண்டாம் நிலைக் கடமையே.

இரண்டாம் நிலையதாயினும் அது கடமையாவதற்குக் காரணம் உண்டு. நூல் எழுத்தாளனின் வெற்றியைக் காட்டும். வீடு அவ்வெற்றிக்கு அவன் கொடுத்த விலையைக் காட்டும். பாரதியார் பிறந்தது எட்டயபுரத்திலே பாட்டனார் வீட்டில். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியிலும், இறுதிக் காலத்தில் திருவல்லிக்கேணியிலும் அவர் வாழ்ந்த வீடுகள் இன்று நினைவில்லங்களாக விளங்குகின்றன. திருவல்லிக்கேணி வீட்டைத் தமிழ்நாட்டரசு 1993இல் வாங்கிற்று. புதுச்சேரி வீடும் திருவல்லிக்கேணி வீடும் வாடகை வீடுகளே. வாழுங்காலத்தில் அவருக்கென ஒரு கூரையை அளிக்க இயலாத சமூகம், அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின் அக்கூரையை விலைகொடுத்து வாங்கிற்று. இதனை நகைப்புக்குரியதெனத் தள்ளிவிடல் எளிது. ஆயினும், அவ்வீட்டினுட் செல்பவன் அதனைக் கவிஞரின் சொத்தாகவன்றி, கவிஞர் குடியிருந்து சென்ற இடமாகவே காண்பானாயின், அச்சமூகம் தன் தவற்றைத் தானே காட்சிக்கு வைத்தது என்றும் கொள்ளலாம். எனவே எழுத்தாளன் இல்லம் புகழ்மாடமாக அன்றிச் சாட்சியாக நிற்கும்பொழுதே அறத்தகுதி பெறுகின்றது.

இலங்கையில் இத்தகைய சாட்சியாக நிற்கும் இல்லங்களுள் தலையாயது கொக்கலையிலுள்ள மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீடாகும். 1890இற் பிறந்து 1976இல் மறைந்த அவர், நவீன சிங்கள நாவலுக்கு உருவளித்தவர். 1944இல் வெளியான அவரது 'கம்பெரலிய', கிராமத்துப் பெருவீடொன்றின் வீழ்ச்சியூடாகச் சமூக மாற்றத்தைச் சித்திரித்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், கொக்கலையில் விமானத்தளம் அமைக்கும்பொருட்டு அக்கிராமத்தவர் வெளியேற்றப்பட்டனர். கிராமத்தின் வீடுகள் பல மறைந்தன. எழுத்தாளர் பிறந்த வீடு தப்பிற்று. அவர் காலமான பின்னர் அங்கு அமைந்த நாட்டார் நூதனசாலை 1981இல் திறக்கப்பட்டது. இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், அந்நிலையத்தில் எழுத்தாளர் வீடு தனித்து நிற்கவில்லை என்பதே. உழவரும் மீனவரும் கைவினைஞரும் பயன்படுத்திய கருவிகளும் பாத்திரங்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. எழுத்தாளனை ஆக்கியவர் யாவர் என்பதை அவ்வளவு பொருள்களும் மௌனமாக எடுத்துரைக்கின்றன. இழந்துபோன அயல்வீடுகளின் பொருட்டும் பேசும் கடப்பாடு எஞ்சிய வீட்டுக்கு உண்டு என்பது கொக்கலை தரும் படிப்பினையாகும்.

இப்படிப்பினையுடன் மலையகத்துக்கு மீளும்போது முதலில் எதிர்ப்படும் பெயர் சி. வி. வேலுப்பிள்ளையினுடையது. 1914இல் பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டிலேயே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. தம்மைத் தெரிந்தனுப்பிய மக்கள் சட்டத்தின்முன் இல்லாதவராகிவிட்ட விந்தையைக் கண்ட அவர், 1984இல் மறையும்வரை ஆங்கிலத்திலும் தமிழிலும் அம்மக்களைப் பற்றியே எழுதினார். 1981இல் நூலாக வந்த அவரது நாவலின் பெயர் 'வீடற்றவன்' என்பதாகும். அத்தலைப்பை இட்ட எழுத்தாளருக்கு எவ்வாறு நினைவில்லம் எழுப்புவது? வீடு என்னும் சொல்லையே குற்றச்சாட்டாக மாற்றிவிட்டவருக்கு வீட்டையே காணிக்கையாக்கினால், அது அவர் எழுத்துக்குச் செய்யும் மரியாதையா, அன்றி அவ்வெழுத்துக்கு அளிக்கும் மழுப்பலான மறுமொழியா?

சிக்கல் இத்துடன் அமையவில்லை. வேலுப்பிள்ளையின் இறுதிக்காலப் பணிகளுள் ஒன்று தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்தமையாகும். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் அத்தொகுதி 1983இல் வெளியாயிற்று. தாலாட்டும் ஒப்பாரியும் தொழிற்பாட்டுமாகிய அவ்விலக்கியத்தை ஆக்கியோர் எழுதப்படிக்க வாய்ப்புப் பெறாத மக்கள். அவர்களுட் பெண்கள் கணிசமானோர். அவர்கள் எக்காம்பராவிற் பிறந்தனர், எம்மலையிற் கொழுந்தெடுத்தனர் என்பதை எப்பதிவேடும் கூறாது. தோட்டக் கணக்கேடுகளிலே அவர்கள் பெயர்கள் இருந்திருக்கும். ஆனால் அவை நாட்சம்பளத்துக்கும் கடனுக்கும் எதிரே எழுதப்பட்ட பெயர்கள், பாடலுக்கு எதிரே எழுதப்பட்டவையல்ல. தனிவீட்டையும் தனிப்பெயரையும் அடிப்படையாகக் கொண்ட நினைவுமுறை, கூட்டுவாழ்விற் பிறந்த இவ்விலக்கியத்தின்முன் செயலற்று நின்றுவிடுகின்றது.

இந்நிலையில் லயமொன்றை நினைவுச்சின்னமாகப் பேணுதலே தகுந்த வழியெனச் சிலர் கூறுவர். அது முற்றிலும் கற்பனையான யோசனையன்று. கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில், கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையொன்றை நிறுவிற்று. லயக் காம்பராக்களிலேயே அமைந்த அந்நூதனசாலையில் தொழிலாளரின் கருவிகள், பாவனைப் பொருள்கள், ஆவணங்கள் ஆகியன வைக்கப்பட்டுள்ளன. தேயிலையின் வரலாற்றை வேறொரு பக்கத்திலிருந்து கூறும் தேயிலை நூதனசாலை, கண்டிக்கு அணித்தாகிய ஹந்தானையில், 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்றில் 2001 முதல் இயங்குகின்றது. இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரவில் வணிகமுறைத் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்குள்ளன. லூல்கந்துரவிலே டெய்லரின் குடிலிருந்த இடமும் அவர் அமர்ந்ததாகக் கூறப்படும் கல்லாசனமும் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. துரையின் இருக்கையைக்கூடப் பேணும் நினைவு, அவருடன் காடழித்தோரின் அடுப்பைப் பேணாதுவிடின் அது பாதி நினைவே. பீக்கொக் முயற்சி அம்மறு பாதியை மீட்கும் முயற்சி என்ற வகையில் பாராட்டத்தக்கது.

ஆயினும் இதற்கு எதிராக எழும் வாதம் வலுவுடையது. நூதனசாலை இறந்தகாலத்திற் பேசும் இயல்பினது. அதன் வாயிலைக் கடப்பவன் "இவ்வாறு வாழ்ந்தார்கள்" என்னும் வாக்கியத்தை மனத்துட் கொண்டே கடக்கின்றான். அரசனின் சிம்மாசனத்தைக் காண்பவன் முடியாட்சி முடிந்துவிட்டது என்பதை அறிவான். அங்கு இறந்தகாலம் உண்மையாகும். லயத்தைப் பொறுத்தவரை அவ்விறந்தகாலம் இன்னும் வந்து சேரவில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றுட் பலவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டமும் ஆங்காங்கே நிறைவேறியது. இந்திய உதவியுடனான வீடமைப்பும் நடைபெற்றது. இவ்வளவு மாற்றங்களின் பின்னரும் பல்லாயிரம் குடும்பங்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாகிய அதே காம்பராக்களில் வாழ்கின்றன. மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் உறங்குகின்றன. அண்டை வரிசையில் மக்கள் வாழ, இவ்வரிசையை "அக்கால வாழ்க்கை" எனக் காட்டுவது கண்ணெதிரே நிகழ்வதை வரலாறென ஒதுக்குவதாகும். அதிலும், பழைய துரைமார் பங்களாக்கள் பல மலைநாட்டிலே உல்லாச விடுதிகளாகியுள்ள இக்காலத்தில், லயமும் பயணிகளின் ஒரு நண்பகற் காட்சியாகிவிடும் அபாயம் கற்பனையன்று. வறுமையை அழகென வியந்து செல்லும் கண்ணுக்கு விருந்தளிப்பது நினைவாகாது.

எதிர்வாதம் இவ்வாறாயின், எல்லோர்க்கும் வீடு கிடைத்தபின் நினைவைப் பற்றிச் சிந்திக்கலாம் எனக் காத்திருத்தலே முறையன்றோ எனக் கேட்கலாம். அதுவும் அறமாகாது. லயங்கள் இடிக்கப்படும் நாளிலே அவற்றைக் காப்பதற்கு எவரும் எஞ்சியிரார். இடிக்கப்படவேண்டும் என்பதே அனைவரின் நியாயமான விருப்பமாக இருக்கும். அங்கு வாழ்ந்த முதியோருடன் பாடல்களும் பேச்சும் சென்றுவிடும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இற் கைச்சாத்தானபோது ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவாயிற்று. அதன் விளைவாகக் கடல்கடந்தோர் தம் காம்பராக்களைப் பூட்டிச் செல்லவில்லை, விட்டுச் சென்றனர். அவர்களுடைய மலையக வாழ்வுக்கு எழுத்திற் கிடைக்கும் சான்றுகள் மிகச் சொற்பம். நீதி வரும்வரை நினைவைத் தள்ளிவைப்போர், நீதி எதன்பொருட்டுக் கேட்கப்பட்டது என்பதற்கான சான்றையும் இழந்துவிடுவர்.

ஆகவே இவ்விரு வாதங்களுள் ஒன்றைத் தெரிந்து மற்றதைக் கைவிடல் இயலாது. நினைவும் நீதியும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பனவல்ல; ஒன்றையொன்று மெய்ப்பிப்பன. பேணப்படும் ஒரு லயம் உண்மை பேசுகின்றதா, பொய் பேசுகின்றதா என்பதை அதன் சுவர்கள் தீர்மானிக்கமாட்டா. அடுத்த தோட்டத்து லயத்தில் வாழ்வோருக்கு என்ன நிகழ்கின்றது என்பதே தீர்மானிக்கும். அங்கு வீடுகள் எழுமாயின், பேணப்பட்ட லயம் சொல்லும் இறந்தகாலம் நாளுக்கு நாள் மெய்யாகிவரும். எழாவிடின், அதே லயம் நாளுக்கு நாள் பொய்யாகிவரும். ஏனைய நூதனசாலைகளுக்கு இல்லாத இந்நிபந்தனை லயத்துக்கு மட்டும் உரியது. ஏனெனில் அது காட்டும் பொருள் இன்னும் பயன்பாட்டிலிருந்து நீங்கவில்லை.

இதிலிருந்து சில நெறிகள் தாமே பெறப்படுகின்றன. முதலாவது, பேணப்படவேண்டிய காம்பராவில் குடியிருப்போருக்கு முதலில் அவர்கள் பெயரில் உறுதியுடன் கூடிய வீடு அளிக்கப்படல் வேண்டும். நினைவின்பொருட்டு ஒரு குடும்பம்கூட லயத்தில் நிறுத்திவைக்கப்படலாகாது. இரண்டாவது, எழுத்தாளனின் மேசையையும் பேனாவையும் மட்டும் வைத்து ஏனையவற்றை மறைக்கலாகாது. பின்வரிசையோடு ஒட்டிய சுவரும், காற்றுப் புகாத அடுப்படியும், பொதுப்பீலியும், நாட்சம்பளம் பதிந்த செக்ரோலும் அங்கு இருத்தல் வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே ஒருவன் எழுதினான் என்பதே அவன் பெருமை. இவை நீங்கின் அப்பெருமையும் நீங்கும். மூன்றாவது, ஒருவன் பெயரால் அமையும் இல்லம் பெயரற்ற பலரின் குரலுக்கும் இடமளித்தல் வேண்டும். கொக்கலையில் உழவனின் கருவி பெற்ற இடத்தை மலையகத்திலே பாடலும் ஒப்பாரியும் பெறல் வேண்டும். நான்காவது, அவ்விடத்தின் பொறுப்பு அங்கு பிறந்தோர் கையில் இருத்தல் வேண்டும். தமது பாட்டியின் அடுப்பைப் பற்றிப் பிறர் எழுதிய குறிப்பை மடுல்கெல்லச் சிறுமி ஒருத்தி வாசிக்கும் நிலைமையிலும், அக்குறிப்பை அவளே எழுதும் நிலைமை மேலானது.

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவுற்றதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைப்பயணமொன்று நடைபெற்றது. முன்னோர் நடந்த வழியிலே பின்னோர் நடந்தனர். அந்நினைவுகூரலுக்குக் கட்டடமொன்றும் தேவைப்படவில்லை. வீடற்றோர் வழி வந்தோர் பாதையையே தம் நினைவிடமாக்கிக்கொண்டனர் எனலாம். ஆயினும் பாதையில் நடந்தவனும் மாலையிற் சென்றடைவதற்கு ஒரு வீடு வேண்டும். 'வீடற்றவன்' என்ற நூலை எழுதிய கைக்குச் செய்யும் முழுமையான மரியாதை, அத்தலைப்பை இன்னொரு தலைமுறைக்கு விளங்காததாகச் செய்வதேயாகும். அந்நாள் வரும்போது, மடுல்கெல்லவில் இருந்து வரும் மாணவன் ஒருவன் பேணப்பட்ட காம்பராவின் உள்ளே நின்று, இதில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என வியப்புடன் கேட்பானாயின், அவ்வியப்புக்கு உரிமை பெற்றவனாக அவனை வளர்த்த சமூகமே அந்நூதனசாலையை மெய்யாகக் கட்டியதாகும். அவன் கேட்கவேண்டிய தேவையின்றி அதன் விடையைத் தன் வீட்டிலிருந்தே அறிந்திருப்பானாயின், சுவர் எவ்வளவு செப்பமாகப் பேணப்பட்டிருப்பினும் அக்கடன் தீராக் கடனாகவே நிற்கும்.